இமைமுடி ஒட்டல், லாஷ் லிஃப்ட், டிண்ட்: கண் எரிச்சலும் பின்கவனிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அழகு நிலையங்களில் இமைமுடிக்கு இன்று மூன்று வேலைகள் நடக்கின்றன. சொந்த இமைமுடி ஒவ்வொன்றின் மேலும் செயற்கை முடியைப் பசையால் ஒட்டுவது எக்ஸ்டென்ஷன். சொந்த முடிக்கே மருந்து தடவி மேல்நோக்கி வளைப்பது லாஷ் லிஃப்ட். முடிக்குச் சாயம் ஏற்றுவது டிண்ட். மூன்றிலும் கண் எரியலாம். ஆனால் எரிவதற்கான காரணம் வேறு வேறு, செய்ய வேண்டியதும் வேறு வேறு. அதனால் எதைச் செய்துகொண்டீர்கள், எப்போது எரிச்சல் தொடங்கியது என்ற இரண்டையும் முதலில் நினைவில் கொண்டுவாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த இரண்டிலிருந்தே கிளம்புகின்றன.

எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டு வந்த அன்றே கண் சிவந்து எரிகிறது. இது சகஜமா?

லேசான சிவப்பும் நீர் வடிதலும் சில மணி நேரம் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறீர்கள், கீழ் இமையில் ஜெல் பட்டை ஒட்டியிருக்கிறது, இமை ஓரத்திலேயே பசை இறுகிக்கொண்டிருக்கிறது. கண் கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும். மறுநாள் காலைக்குள் அது தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றாலோ, முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூடுகிறது என்றாலோ அது சகஜமில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான், மூணு நாள்ல சரியாயிடும்" என்று பார்லரில் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். கருவிழியில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் அதில் கிருமி ஏற அந்த மூன்று நாளே போதும்.

அந்தப் பசையில் அப்படி என்ன இருக்கிறது?

அநேகமாக எல்லா எக்ஸ்டென்ஷன் பசையும் சயனோஅக்ரிலேட் வகைதான். உடைந்த பொம்மையை ஒட்ட வீட்டில் வைத்திருக்கும் உடனடிப் பசையும் அதே குடும்பம். கறுப்பு நிறம் வருவதற்குக் கரித்தூள் சேர்ப்பார்கள். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்து இறுகுகிறது. இறுகும்போது எழும் ஆவி கண்ணின் ஈரப்பரப்பில் படிந்தால் சுருக்கென்று எரியும். பசை நாள்பட நைந்து சிதையும்போது மிகச் சிறிய அளவில் ஃபார்மால்டிஹைடும் வெளிவரும்.

நம் ஊர்த் தட்பவெப்பம் இங்கே நேரடியாகக் குறுக்கே வருகிறது. பெரும்பாலான பசைகள் 20 முதல் 24 டிகிரி வெப்பத்துக்கும் 45 முதல் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் ஏற்பத் தயாரிக்கப்பட்டவை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாட விஷயம். ஏசி ஓடாத அறையில், மழை நாளில் ஒட்டினால் பசை வேண்டியதைவிட வேகமாக இறுகும். ஆவி ஒரே மூச்சில் கூடுதலாகக் கிளம்பும், ஒட்டிய இடம் மொறுமொறுவென்று ஆகி நாலைந்து நாளில் உதிரவும் தொடங்கும். போன முறை ஒன்றும் ஆகவில்லை, அதே பார்லர், அதே பசை, இந்த முறை மட்டும் எரிகிறதே என்பவர்கள் அன்று மழை பெய்ததா, ஏசி ஓடியதா என்று யோசித்துப் பாருங்கள்.

எரிச்சல், ஒவ்வாமை, காயம்: வீட்டிலேயே எப்படிப் பிரித்து அறிவது?

ஆவியால் வரும் எரிச்சல் உடனே வரும். ஒட்டும்போதோ, கண் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலோ தொடங்கிவிடும். வெண்விழி சிவக்கும், எரியும், நீர் வடியும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். இமை அவ்வளவாக வீங்காது. நேரம் ஆக ஆகக் குறையும்.

ஒவ்வாமை தாமதமாக வரும். ஒட்டிய அன்று இரவு எதுவுமே இருக்காது. மறுநாளோ, அதற்கும் அடுத்த நாளோ எழும்போது இமை உப்பி, தோல் சிவந்து, அரிப்பு பிடுங்கும். எரிச்சலைவிட அரிப்பே முன்னால் நிற்பதுதான் இதன் அடையாளம். பசை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை இது குறையாது, நாளுக்கு நாள் கூடும். பத்து முறை ஒட்டியபோது எதுவும் ஆகாதவருக்குப் பதினோராவது முறை வரலாம். உடல் அந்தப் பொருளைப் பகையாகப் பதிந்துகொள்ளச் சில தடவைகள் பிடிக்கும். அதனால் "எனக்கு எப்பவும் ஒத்துக்குமே" என்பது இதை மறுக்கும் சான்று ஆகாது.

காயம் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் இருக்கும். மண் விழுந்தது போல உறுத்தும், இமைக்கும் ஒவ்வொரு தடவையும் குத்தும், வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசும், பார்வை மங்கலாகும். ஜெல் பட்டையின் விளிம்பு கருவிழியில் உரசியிருக்கலாம், இடுக்கியின் முனை பட்டிருக்கலாம், ஒரு துளி பசை உள்ளே இறுகி இமைக்கடியில் துகளாகக் கிடக்கலாம். செயற்கை முடியின் அடி இமை ஓரத்தைக் குத்தும்படி சாய்ந்தும் ஒட்டியிருக்கலாம். இது வீட்டு வைத்தியத்துக்கு உரியது அல்ல. மருத்துவர் ஒரு சொட்டு மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் சிராய்ப்பு பளிச்சென்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

நான்காவதாக ஒன்று உண்டு. ஒட்டி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காலையில் பீளை, இமை ஓரத்தில் பொடுகு போன்ற செதில், கண்கட்டி என்று வந்தால் அது பசையின் குற்றமாக இருப்பது குறைவு. இமையைக் கழுவாமல் விட்டதால் வருவது அது.

இப்போதே எரிகிறது. முதலில் என்ன செய்வது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுத்தமான குடிநீரால் கழுவுங்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் பின் வரும் ஆவி எரிச்சலுக்கு ஐந்து நிமிடம் போதும். பசைத் துளியோ, லாஷ் லிஃப்ட் மருந்தோ, சாயமோ, பசை நீக்கும் மருந்தோ கண்ணுக்குள் போய்விட்டது என்றால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தலையைச் சாய்த்து, எரியும் கண் கீழ்ப்பக்கம் வரும்படி வைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் ஓடவிடுங்கள். அப்போதுதான் மருந்து மற்றக் கண்ணுக்குப் போகாது. இந்த 20 நிமிடத்தை பார்லரிலேயே செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று ஆட்டோ பிடிக்கக் கூடாது.

"தண்ணி பட்டா ஒட்டினது வீணாயிடுமே" என்ற தயக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. போனால் போகட்டும். இமைமுடியை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

கழுவிய பின் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான வெள்ளைத் துணியை மூடிய இமை மேல் 10 நிமிடம் வையுங்கள். தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப வைக்கலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். கண்ணைக் கசக்கவே கூடாது. கசக்கும்போது செயற்கை முடியின் விறைத்த நுனியே கருவிழியைக் கீறும்.

எப்போது கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பார்வை மங்கினால், வெளிச்சம் தாங்க முடியாவிட்டால், வலி கூடிக்கொண்டே போனால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மஞ்சளோ பச்சையோ ஆன பீளை வந்தால், கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கினால், மருந்து ஏதும் உள்ளே போயிருந்தால் அன்றே போங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கண் மருத்துவமனை அல்ல, 108.

போகும்போது பசை அல்லது மருந்தின் பெயரை பார்லரில் கேட்டு எழுதிக்கொண்டோ, பாட்டிலைப் படம் எடுத்துக்கொண்டோ போங்கள். காரத்தன்மை (alkali) உள்ள மருந்தா, சாயமா, பசையா என்று தெரிந்தால் சிகிச்சை உடனே ஒழுங்காகத் தொடங்கும்.

பன்னீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடலாமா? உடம்புச் சூடுதான் என்கிறார்கள்.

எதுவும் விட வேண்டாம். பாட்டிலில் விற்கும் பன்னீர் கண்ணுக்காகக் கிருமி நீக்கி அடைத்தது இல்லை. பெரும்பாலானவற்றில் வாசனைப் பொருள் கலந்திருக்கும். தாய்ப்பால் குழந்தைக்கு உணவு, சிராய்ந்த கருவிழிக்கு மருந்து அல்ல. அதில் இருக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் கிருமி நன்றாக வளரும். விளக்கெண்ணெய் கண்ணில் படலமாக நின்று அழுக்கைப் பிடித்து வைக்கும். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவதும் இதே கணக்குதான். பாட்டி அன்போடு சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டி காலத்தில் இமையில் சயனோஅக்ரிலேட் இல்லை. ஒட்டிய மறுநாள் கண் சிவந்தால் உடம்புச் சூட்டைத் தேட வேண்டியதில்லை. காரணம் இமை மேலேயே இருக்கிறது.

மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கலாமா?

ஒரே வகை மட்டும் வாங்கலாம்: கண்ணீருக்கு மாற்றான ஈரச்சொட்டு. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று அட்டையில் இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை, முறைக்கு ஒரு சொட்டு. நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள் (preservative) இல்லாத வகையைக் கேளுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இது நீர்ச்சொட்டு என்பதால் எக்ஸ்டென்ஷனுக்கும் கேடில்லை.

"கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் கையில் வருவது பல நேரம் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்து. அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃப்ளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு போய்விடும், அதுதான் ஏமாற்றுகிறது. உள்ளே சிராய்ப்பில் பூஞ்சையோ ஹெர்பிஸ் கிருமியோ இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு வழி திறந்துவிடும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம் என்பதால் இந்தத் தவறு இங்கே கூடுதலாக விலை கேட்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தமும் ஏறும். ஸ்டீராய்டு சில நேரம் தேவைதான், ஒவ்வாமை இமை வீக்கத்துக்கு மருத்துவர்களே எழுதுவார்கள். ஆனால் கருவிழியைப் பார்த்த பிறகு எழுதுவார்கள்.

சிவப்பை வெளுக்க வைக்கும் நாஃபஸோலின் வகைச் சொட்டும் வேண்டாம். மருந்து இறங்கியதும் முன்னைவிடச் சிவப்பாகத் திரும்பும்.

மருத்துவர் களிம்போ, குளோரம்பெனிகால் ஆப்ளிகேப்போ (கண்ணில் பிழியும் களிம்பு அடைத்த குமிழ்) கொடுத்தால் அது எண்ணெய்ப்பசை உள்ளது, ஒட்டிய முடி தளரும். தளரட்டும், மருந்தை அவர் சொன்ன நாள்கள் முழுக்க வையுங்கள்.

24 மணி நேரம் தண்ணீரே படக்கூடாது என்கிறார்களே?

எக்ஸ்டென்ஷனுக்கு முதல் 24 மணி நேரம் ஆவி பிடித்தல், நீச்சல், வெந்நீர்த் தலைக்குளியல், வியர்த்து ஊற்றும் உடற்பயிற்சி தவிர்த்தால் நல்லது. லாஷ் லிஃப்டுக்கும் அதே. அதற்கு மேல் தள்ளிப் போட வேண்டாம். கண்ணில் எரிச்சல் இருந்தால் இந்த 24 மணி நேர விதி செல்லாது, உடனே கழுவலாம்.

பிறகு தினமும் எப்படிக் கழுவுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒட்டிய முடி உதிர்ந்துவிடும் என்று பயந்து இரண்டு வாரம் கண்ணருகே தண்ணீரே காட்டாமல் இருப்பவர்கள் ஏராளம். இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாகத் திறக்கின்றன. செயற்கை முடியின் அடியில் அந்த எண்ணெயும் செத்த தோலும் மேக்கப்பும் தேங்கினால் கிருமியும், டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியும் பெருகும். பின் அரிப்பு, செதில், கண்கட்டி. கழுவுவதால் உதிர்வதைவிடக் கழுவாததால் உதிர்வதே அதிகம், ஏனென்றால் எண்ணெய் பசையைத் தளர்த்துகிறது.

இரவில் ஒரு முறை போதும். வெயிலில் அலைந்த நாளிலும் மேக்கப் போட்ட நாளிலும் இரண்டு முறை. எண்ணெய் சேராத இமை நுரையை வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காத ஊரில் மருந்துக்கடையில் இமை சுத்தம் செய்ய விற்கும் நுரையோ துடைப்பானோ கேளுங்கள். ஒரு அழுத்து நுரையை விரல் நுனியிலோ மென்மையான சிறு தூரிகையிலோ எடுத்து, கண்ணை மூடி, முடியின் நுனியை அல்ல, அது முளைக்கும் ஓரத்தை மேலிருந்து கீழாக 20, 30 விநாடி மெல்லத் தடவுங்கள். தேய்க்கக் கூடாது. பின் உள்ளங்கையில் நீர் ஏந்தி நாலைந்து முறை ஊற்றிக் கழுவி, நுரை கொஞ்சமும் தங்காமல் பாருங்கள். தங்கிய நுரையும் எரியும். நார் விடாத துணியால் ஒற்றி எடுங்கள். துண்டின் இழைகள் முடியில் மாட்டி இழுக்கும், பஞ்சும் அப்படியே. காய்ந்த பிறகு சுருள் தூரிகையால் நுனிப் பக்கமாகச் சீவலாம். அந்தத் தூரிகையை வாரம் ஒரு முறை சோப்பு நீரில் கழுவிக் காய வைத்து, மாதம் ஒன்று மாற்றுங்கள்.

எண்ணெய்க் குளியல், கண்மை?

எண்ணெய் வைக்கும்போது நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீயக்காய்த் தூள் கண்ணில் விழாமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். முடிந்ததும் இமை நுரையால் ஒரு முறை கழுவிவிடுங்கள். கண்மையை இமையின் உள்விளிம்பில் தீட்டுவது எண்ணெய்ச் சுரப்பியின் வாயை அடைக்கும். எக்ஸ்டென்ஷன் இருக்கும் வரையாவது அதை விட்டுவிடுங்கள். எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாத சுர்மாவை எப்போதுமே விட்டுவிடுங்கள், அவற்றில் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

லாஷ் லிஃப்டில் பசை ஆவி இல்லையே, பிறகு ஏன் எரிகிறது?

அது தலைமுடியைச் சுருளாக்கும் பெர்மிங்கின் இமைப் பதிப்பு. முதல் மருந்தில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் அல்லது சிஸ்டியமின் இருக்கும். அது முடிக்குள் உள்ள கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கிறது. இரண்டாவது மருந்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடோ சோடியம் புரோமேட்டோ, வளைந்த நிலையிலேயே அவற்றைத் திரும்பப் பூட்டுகிறது. தயோகிளைகோலேட் மருந்து காரத்தன்மை உள்ளது. காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண் திசுவுக்குள் இறங்கும். அதனால் லிஃப்டின் நடுவில் சுருக்கென்றால் "முடியட்டும்" என்று பல்லைக் கடிக்காமல் உடனே கையைத் தூக்குங்கள். மருந்தைத் துடைத்து எடுத்துவிட்டு 20 நிமிடக் கழுவல்.

மருந்தை முடியின் அடியிலிருந்து சற்று விலக்கி, நடுப்பகுதியில் மட்டும் வைக்க வேண்டும். தோலில் வழிய வைத்தாலோ, தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்களைத் தாண்டி விட்டாலோ இமைத்தோல் பொசுங்கும், முடி நூடுல்ஸ் போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய முடி கருவிழியை நோக்கித் திரும்பி உரசினால் மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி லிஃப்ட் செய்து சரிப்படுத்தப் பார்க்காதீர்கள். இரண்டு லிஃப்டுக்கு நடுவே 6 முதல் 8 வாரம் விட வேண்டும்.

தலைச் சாயத்தையே இமைக்கும் கொஞ்சம் தொட்டு வைத்தால் என்ன?

கூடாது. தலைச் சாயப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், இமைக்கோ புருவத்துக்கோ பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். இந்தியச் சட்டம் கட்டாயமாக்கிய வாசகம் அது, ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் உண்மையான கதை இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தனர், உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதில் இருந்தது பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக பிபிடி. 1938இல் அங்கே அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததற்கு அந்தச் சம்பவம் ஒரு காரணம். இமைக்கும் புருவத்துக்கும் நிரந்தரச் சாயம் எதற்கும் அந்நாட்டு மருந்துத் துறை நெடுங்காலம் அனுமதி தரவில்லை.

இன்றைய கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றிலும், திருவிழாக் கடைகளில் உடனே கறுக்கும் "கறுப்பு மருதாணி"யிலும் பிபிடி இருக்கிறது. அவற்றில் எதற்காவது உங்களுக்குத் தோல் கொப்புளித்திருந்தால் இமை டிண்ட் உங்களுக்கு இல்லை. சோதனைகூட வேண்டாம்.

தொந்தரவு செய்கிறது, நானே பிய்த்து எடுத்துவிடலாமா?

வேண்டாம். செயற்கை முடியோடு சொந்த முடியும் வேரோடு வரும். ஒரு முறை பிடுங்கிய முடி முழு நீளம் வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அந்த வேர் ஓய்ந்தே போகலாம். கத்தரிப்பதும் ஆபத்து, குட்டையான விறைத்த நுனி மேலும் குத்தும்.

பார்லரில் கிரீம் வகை நீக்கியைக் கேளுங்கள். நீர்போல ஓடும் நீக்கி கண்ணுக்குள் இறங்கிவிடும். கீழ் இமையைப் பட்டையால் மறைத்து, கண்ணை இறுக்காமல் மூடி, ஒட்டிய இடத்தில் கிரீமைத் தடவி, அட்டையில் சொன்ன நேரம் வைத்தால் செயற்கை முடி வழுக்கிக்கொண்டு வரும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம். ஒவ்வாமையில் இமை கண் தெரியாமல் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவர், பிறகு நீக்கம்.

கண் இமைகள் இரண்டும் பசையால் ஒட்டிக்கொண்டால் வலிந்து பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்தபடியே கண் மருத்துவரிடம் போங்கள். அவர் இமைமுடியை நறுக்கிப் பிரித்துவிடுவார்.

ஒவ்வாமை என்று உறுதியாகிவிட்டது. "சென்சிட்டிவ்" பசையில் மறுபடி ஒட்டலாமா?

அதுவும் சயனோஅக்ரிலேட்தான். ஆவி குறைவாக வரும்படி மாற்றிய வகை. ஆவி எரிச்சல் உள்ளவருக்கு உதவும், ஒவ்வாமை உள்ளவருக்கு உதவாது. உடல் மறக்காது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையாக வரும். இந்த முறை வந்தது நீக்கிய பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். செட்டிரிசின் 10 மில்லிகிராம் இரவில் எடுத்தால் அரிப்பு கொஞ்சம் தணியும், தூக்கமும் வரும். ஆனால் பசை இமையில் இருக்கும்போது மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு காலம் தள்ள முடியாது.

சோதனை ஒட்டு போட்டுப் பார்த்தால் போதுமா?

இரண்டு பக்கமும் வெளி ஓரத்தில் இரண்டு, மூன்று முடி மட்டும் ஒட்டி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். காலையில் ஒட்டி மாலையில் "ஒன்றும் ஆகவில்லை" என்பது சோதனை ஆகாது, ஒவ்வாமை அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டுவதில்லை. சோதனை தேறினாலும் பிற்காலத்தில் வராது என்ற உறுதி இல்லை.

எனக்குக் கல்யாணம். எப்போது ஒட்டிக்கொள்வது?

முதல் முறை என்றால் சோதனை ஒட்டு குறைந்தது இரண்டு வாரம் முன்பு. முழுதாக ஒட்டுவது முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு. முந்தின நாள் மாலை ஒட்டிக்கொண்டால் ஒவ்வாமை வருவது சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் இருக்கும். நலங்கு வைக்கும்போது மஞ்சளும் எண்ணெயும் இமையில் படாமல் கன்னத்தோடு வைக்கச் சொல்லுங்கள். ஹோமப் புகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும். உட்காரும் முன் இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு ஈரச்சொட்டு, எழுந்ததும் இன்னொன்று. அழுகை வந்தால் கைக்குட்டையால் துடைக்காமல் டிஷ்யூவின் முனையால் கீழிருந்து ஒற்றுங்கள். அன்று இரவு எவ்வளவு களைத்திருந்தாலும் மேக்கப்பைக் கழுவாமல் தூங்கக் கூடாது.

நீளமாக ஒட்டினால் கண் வறண்டுபோகிறதே, ஏன்?

இமைமுடியின் வேலையே காற்றையும் தூசியையும் தடுப்பது. 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் பல பாலூட்டிகளின் இமைமுடியை அளந்து, காற்றுக் குழாயில் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்கும்போதுதான் கண்ணீர் ஆவியாவது மிகக் குறைவு. அதைவிட நீண்டால் முடி புனல்போல் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்களும், நாள் முழுக்க ஏசியில் கணினி பார்ப்பவர்களும் சொந்த முடியைவிட 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் கேட்காமல் இருப்பது நல்லது. தடிமன் 0.15 மில்லிமீட்டர் போதும்.

தினமும் ஓரிரண்டு உதிர்கிறது.

உதிரத்தான் செய்யும். சொந்த இமைமுடி நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை இயல்பாகவே விழும், ஒட்டியது அதோடு சேர்ந்து போகும். கொத்தாக விழுந்தாலோ, இடையில் வழுக்கை தெரிந்தாலோ காட்டுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது. ஒட்டியது இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் பீளையைக் கழுவுவது கடினமாகும். முடிந்தால் தேறியதும் எடுத்துவிடுங்கள். புதிதாக ஒட்டுவதோ, உதிர்ந்த இடத்தை நிரப்புவதோ முழுதாகக் குணமாகி இரண்டு வாரம் ஆகும் வரை வேண்டாம். உங்களோடு பார்லரின் இடுக்கியும், உங்களுக்கு அடுத்துப் படுப்பவரும் சம்பந்தப்படுகிறார்கள்.

பார்லரில் எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

அறையில் ஈரப்பதமானி இருக்கிறதா, இடுக்கியைக் கிருமி நீக்குகிறார்களா, பசை பாட்டிலில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த பசை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. செயற்கை முடியைத் தோலிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி, ஒரு சொந்த முடியில் மட்டும் ஒட்ட வேண்டும். முடிந்ததும் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு மூன்று முடி சேர்ந்து ஒட்டியிருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். அவை வளரும் வேகம் வேறு வேறு என்பதால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டாம் வாரத்தில் வலிக்கும். கீழ் இமையின் ஜெல் பட்டை கண்ணைத் தொடுவதுபோல் தோன்றினால் ஒட்டத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

கண் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன்.

கண்புரை, லேசர் எதுவானாலும் எக்ஸ்டென்ஷனை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அதன் அடியில் தங்கும் கிருமி அறுவைக் கண்ணுக்குள் போகக் கூடாது. திரும்ப எப்போது ஒட்டலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். கண் தவிர வேறு அறுவையானாலும், பசை ஒவ்வாமை ஒரு முறை வந்தவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தையலுக்குப் பதிலாகத் தோலை ஒட்டப் பயன்படுத்தும் மருத்துவப் பசையும் சயனோஅக்ரிலேட்தான். நகம் ஒட்டும் பசையும் அதுவே.